இரண்டு முடிந்து மூன்று நடக்கிறது: பிறந்தநாள் வைக்கும் பெற்றோருக்கு ஒரு தகப்பனின் குறிப்புகள்

மகளின் முதல் பிறந்தநாளை மண்டபத்தில் வைத்தோம். 150 பேர் வந்தார்கள். மேடைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒலிபெருக்கி அலறியது. கரடி வேடம் போட்ட ஒருவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். அவள் என் சட்டைக் காலரை இறுகப் பிடித்து மூச்சுமுட்ட அழுதாள். அழுத களைப்பில் தூங்கியும் போனாள். கேக்கை நானும் மனைவியும் வெட்டினோம். ஆல்பத்தில் 80 படங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பிறந்தநாள்காரி கண்ணை மூடியிருக்கிறாள்.

இரண்டாவது பிறந்தநாளுக்கு மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியே போதும் என்று முடிவு செய்தோம். ஆட்கள் மொத்தம் பதினான்கு பேர், குழந்தைகளையும் சேர்த்து. அது நன்றாக நடந்தது. எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். தேறியதையும் தவறியதையும், முதல்முறை இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதல் பிறந்தநாள் பெற்றோருக்கானது. பத்து மாதம் சுமந்து ஓராண்டு கண்விழித்ததற்கு அவர்களுக்கே ஒரு விருந்து. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு வயதிலோ வீட்டில் புதிதாக ஓர் ஆள் இருக்கிறாள். அவளுக்கு அபிப்பிராயம் இருக்கிறது. பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் சொன்ன பாட்டியல் நூல்கள் மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தோராம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் பத்துப் பருவங்களை வைத்தன. சப்பாணியில் ‘கைகொட்டு’ என்கிறார்கள், முத்தத்தில் ‘தா’ என்கிறார்கள், வருகையில் ‘வா’ என்கிறார்கள். ஆண்பிள்ளைக்கான எட்டாம் பருவம் சிற்றில். அதில் சிறுமிகள், ‘நாங்கள் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்காதே’ என்று அந்தப் பிள்ளையிடம் கெஞ்சுகிறார்கள். கேட்டதைக் கொடுத்த குழந்தை தன் இஷ்டத்துக்குக் காலை நீட்டத் தொடங்கிவிட்டது என்பது அந்தப் புலவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஆகவே விழா அந்த ஆளின் அளவுக்குத் தைத்ததாக இருக்க வேண்டும். தையற்காரர் துணியில் கத்தரிக்கோல் வைக்கும் முன் அளவெடுப்பார் அல்லவா, அங்கிருந்து தொடங்குவோம்.

இரண்டு வாரம் முன்பு: அளவெடுங்கள்

ஒரு பழைய நோட்டை எடுத்து சமையலறையில் தொங்கவிடுங்கள். வீட்டில் யார் எதைக் கவனித்தாலும் ஒரு வரி எழுத வேண்டும், தேதியோடு. “குறும்பு”, “சமர்த்து” என்று முத்திரை குத்தக் கூடாது; நடந்ததை மட்டும் எழுத வேண்டும். எங்கள் நோட்டில் இருந்த சில வரிகள்:

“மிக்சி ஓடினால் காதைப் பொத்துகிறாள். பிரஷர் குக்கர் விசில் அடித்தால் சிரிக்கிறாள்.” “புது ஆள் வந்தால் இருபது நிமிடம் கதவுக்குப் பின்னால். பிறகு அவளே போய் அவர் முழங்காலைத் தொடுகிறாள்.” “சட்டை போட நான் கை வைத்தால் கழற்றி எறிந்துவிட்டு ‘நானே’ என்று தலைகீழாகப் போடுகிறாள்.” “வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்துச் சுவரோரம் அடுக்குகிறாள்.”

கடைசி வரியை எழுதியவர் அப்பத்தா. அதுவரை நான் கவனித்ததே இல்லை. நாலு வீட்டுச் செருப்புகள் ஒன்றாகக் கிடந்தாலும் இடதையும் வலதையும் தேடிப் பிடித்துச் சேர்த்து, குதிகால் சுவரில் முட்டும்படி வைப்பாள். ஒன்று கோணலாக இருந்தால் திரும்பி வந்து சரி செய்வாள். ஜோடி கிடைக்காத ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவாள்.

இப்படி எழுதுவது வெறும் பாசத்துக்காக இல்லை. நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி 1956-இல் ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கினார்கள். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். எளிதில் பழகுகிறவர்கள் 40 சதவீதம், எதற்கும் முரண்டு பிடிக்கிறவர்கள் 10 சதவீதம், தயங்கித் தயங்கிப் பிறகு சேர்ந்துகொள்கிறவர்கள் 15 சதவீதம், மற்றவர்கள் எதிலும் அடங்காத கலவை என்று வகுத்தார்கள். எந்தச் சுபாவமும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ அல்ல, சுபாவமும் சூழலும் பொருந்துகின்றனவா என்பதே கேள்வி என்றார்கள். கரடி வேடத்துக்கு நாங்கள் கொடுத்த பணம் தயங்கிப் பழகும் பிள்ளையிடம் வீணாயிற்று. அதே கரடியைக் கட்டிப்பிடித்துக் குதிக்கிற பிள்ளை அடுத்த தெருவிலேயே இருக்கிறது. அந்த வீட்டுக்கு மண்டபமும் கரடியும் பொருந்தும், தாராளமாக வையுங்கள்.

நோட்டைப் படித்துப் பார்த்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். சத்தம் தாங்குவாளா? புது ஆளோடு சேர எவ்வளவு நேரம் எடுப்பாள்? தானாகச் செய்ய அவளுக்கு மிகவும் பிடித்த வேலை எது? விழாவின் இடம், நேரம், ஆள்கணக்கு, விளையாட்டு நான்கையும் இந்தப் பதில்களே முடிவு செய்துவிடும்.

நாளும் நேரமும்

நட்சத்திரப் பிறந்தநாளும் ஆங்கிலத் தேதியும் பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. நிலவு 27 நட்சத்திரங்களையும் சுற்றி முடிக்கிற கணக்கும் நாட்காட்டிக் கணக்கும் வேறு வேறு. இது சில வீடுகளில் சண்டையாகும். எங்களுக்கு உதவியாக இருந்தது. நட்சத்திர நாளன்று காலையில் கோயில், அர்ச்சனை, பெரியவர்களிடம் ஆசீர்வாதம், மதியம் பாயசத்தோடு சாப்பாடு. ஆங்கிலத் தேதி அன்று மாலை குழந்தைகளுக்கு மட்டும். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கோயில் விஷயத்தில் ஒரு யோசனை: பெரிய கோயிலில் வரிசையில் நின்று பிள்ளையை வாட்டுவதைவிடத் தெருமுனைப் பிள்ளையார் மேல். அங்கே மணியைக்கூட அவளையே அடிக்க விடுவார்கள்.

நேரத்தைத் தூக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஒன்று முதல் இரண்டு வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2016 பரிந்துரை. எங்கள் மகள் ஒரு மணிக்குப் படுத்து மூன்றுக்கு எழுவாள். எழுந்து பால் குடித்து முகம் தெளிய அரை மணி நேரம். மதுரை வெயில் மாடித் தரையிலிருந்து இறங்க ஐந்து மணியாகும். எனவே ஐந்து முதல் ஆறரை வரை என்று வைத்தோம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். அழைப்பிலேயே முடியும் நேரத்தையும் எழுதுங்கள். நம் ஊரில் இது வழக்கமில்லை என்பதால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. ஏழு மணிக்கு வர நினைக்கிற பெரியப்பாவிடம், “பாப்பா ஏழரைக்குத் தூங்கிவிடுவாள், ஐந்துக்கே வந்துவிடுங்கள்” என்று நேரில் சொல்லிவிட்டேன். அவர் ஆறேகாலுக்கு வந்தார். அவரைப் பொறுத்தவரை அது சீக்கிரம்.

யாரைக் கூப்பிடுவது

பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்துவிட்டதால் மாலைக்குக் குழந்தைகள் நால்வர், அவர்களின் பெற்றோர், எங்கள் வீட்டார் என்று சுருக்க முடிந்தது. அலுவலகத்துக்கும் மாடிப்படி அண்டை வீடுகளுக்கும் இனிப்புப் பெட்டி போதும். வயது கலக்காமல் இருப்பது நல்லது. ஏழு வயதுப் பையன்கள் மூவர் ஓடத் தொடங்கினால் இரண்டு வயதுப் பிள்ளைகள் பந்து போல உருளுவார்கள்.

தூக்கிக் கொஞ்சுவது பற்றியும் முன்பே பேசிவிடுங்கள். வருகிற ஒவ்வொருவரும் கன்னத்தைக் கிள்ளி, “என்னிடம் வா, வர மாட்டாயா?” என்று கையை நீட்டுவார்கள். மடி மாற்றி மடி கொடுத்தே முதல் பிறந்தநாளில் அவளைக் களைப்பாக்கிவிட்டோம். இம்முறை என் மனைவி ஒரு தந்திரம் செய்தாள். “சித்தி, அவள் இப்போது கை தட்டிக் கொடுக்கிறாள், உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள்” என்றாள். சித்தி நீட்டினார், பாப்பா ஓங்கி ஓர் அடி வைத்தாள், இருவருக்கும் சிரிப்பு. முத்தம் கேட்டு யாரும் வருத்தப்படவில்லை.

வீட்டை முழங்காலில் நடந்து பாருங்கள்

முந்தின நாள் இரவு வீட்டிலும் மாடியிலும் முழங்காலில் ஒரு சுற்று வாருங்கள். சிரிப்பார்கள், வாருங்கள். நிற்கும்போது தெரியாதது தரைமட்டத்தில் தெரியும். மேசை விரிப்பின் தொங்கல், சீரியல் விளக்கின் ஒயர், மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலி. கடைசியாகச் சொன்னது மிக ஆபத்து. ஏறிவிடுவார்கள். மாடியில் வைப்பதானால் கைப்பிடிச் சுவரிலிருந்து எல்லா நாற்காலிகளையும் நடுவுக்கு இழுத்துவிட்டு, படிக்கட்டுக் கதவருகே ஒரு பெரியவரை உட்கார வையுங்கள். எங்கள் வீட்டில் அது தாத்தாவின் உத்தியோகம்.

பிறகு அலங்காரம். இங்கேதான் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ரப்பர் பலூன் அழகுதான். ஊதாத பலூனும் வெடித்த துண்டும் தொண்டைக்குள் போனால் மூச்சுக்குழலை மூடி ஒட்டிக்கொள்ளும். தட்டினாலும் எளிதில் வராது. நாங்கள் காகிதத் தோரணமும் மாவிலையும் கட்டினோம். பலூன் இல்லாமல் பிறந்தநாளா என்று கேட்பவர்கள் எட்டாத உயரத்தில் கட்டி, விழா முடிந்த கையோடு எண்ணிப் பார்த்து அகற்றுங்கள். தானாக மேலே பறக்கும் காஸ் பலூனை வாங்காதீர்கள். ஹீலியம் விலை அதிகம் என்பதால் ஹைட்ரஜன் அடைத்து விற்பது உண்டு. மெழுகுவத்தி அருகே வந்தால் தீப்பந்தாகிவிடும். முகத்தில் பீய்ச்சும் நுரை ஸ்பிரேயும் அப்படியே. அதன் வாயு தீப்பிடிக்கும், நாம் அதைப் பீய்ச்சுவதோ கேக்கில் மெழுகுவத்தி எரியும்போதுதான்.

பாட்டுப் பாடும் மெழுகுவத்தி, ஒளிரும் தொப்பி, மின்னும் காலணி, இசை வரும் வாழ்த்து அட்டை: இவற்றுக்குள் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். விழுங்கினால் உணவுக்குழாயில் தங்கி இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். திருகாணி போட்டு மூடாத பேட்டரி அறை உள்ள எந்தப் பொருளும் வீட்டுக்குள் வேண்டாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சாப்பாடும் மிக்சர் கிண்ணமும்

பெரியவர்களுக்கு நீங்கள் என்ன வேண்டுமானாலும் வையுங்கள். எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். டீப்பாயில் ஒரு கிண்ணம் மிக்சர் இல்லாமல் நம் வீட்டு விசேஷம் நடக்காது. டீப்பாயின் உயரம் சரியாக இரண்டு வயதுப் பிள்ளையின் வாயருகே. மிக்சரில் கடலை இருக்கிறது. அரைத்து மெல்லும் கடைவாய்ப் பற்கள் முழுதாக முளைக்க இரண்டரை வயதாகலாம். முழுக் கடலை, முந்திரி, பாப்கார்ன், கடின மிட்டாய், ஜெல்லி ஆகியவை நான்கு வயதுவரை வேண்டாம் என்றே குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும், அடைப்பதற்கு அதுவே போதும்.

குழந்தைகள் தட்டில் நாங்கள் வைத்தது: ஐம்பது பைசா அளவுக்கு ஊற்றிய குட்டி இட்லி, நெய் விட்ட பருப்புச் சாதம் உருண்டையாக, நறுக்கிய வாழைப்பழம், தயிர். காரமில்லை. பிள்ளைகள் இட்லியைத் தின்றதைவிட அடுக்கியது அதிகம். யாருக்காவது பால், முட்டை, கடலை ஒவ்வாமை உண்டா என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிட விடாமல் பாய் விரித்து உட்கார வைத்தால் பாதிக் கவலை தீரும்.

மீதிக் கவலைக்கு இது. தொண்டையில் சிக்கி இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள், விரலை விட்டுத் துழாவாதீர்கள். இருமலும் சத்தமும் நின்றுபோய்த் திணறினால், ஒரு வயது தாண்டிய பிள்ளையை முன்பக்கம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வரவில்லையென்றால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவில் முஷ்டியை வைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். படித்தால் மட்டும் கை பழகாது. தெரிந்த செவிலியரிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டேன், தலையணையை வைத்துச் சொல்லித்தந்தார்.

விளையாட்டு: ஒரே மாதிரி நான்கு வாளி

இரண்டு வயதுப் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி விளையாட்டு நடத்த முயலாதீர்கள். அருகருகே உட்கார்ந்து, ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, தனித்தனியே விளையாடுவதுதான் அந்த வயதின் வழக்கம். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ‘இணை விளையாட்டு’ என்று பெயர் வைத்து 1932-இலேயே எழுதிவிட்டார். சேர்ந்து விளையாடவில்லையே, பகிர்ந்துகொள்ளவில்லையே என்று பெற்றோர் வெட்கப்பட வேண்டியதில்லை.

எங்கள் ஏற்பாடு மலிவானது. இரண்டு அகலத் தாம்பாளத்தில் ரவை. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு விரற்கடைத் தண்ணீர். கரண்டி, டம்ளர், வடிகட்டி, புனல். எல்லாமே நான்கு நான்கு, நிறமும் ஒன்றே. முதலில் நான் நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நான்கு நிறத்தில் வாளி வாங்கி வந்தேன். மனைவி பார்த்துவிட்டு, “சிவப்புக்கு நால்வரும் அடித்துக்கொள்வார்கள், போய் மாற்றிக்கொண்டு வாருங்கள்” என்றாள். போனேன். தண்ணீர்த் தொட்டியருகே ஒரு பெரியவர் கைபேசி இல்லாமல் உட்கார வேண்டும். சில அங்குலத் தண்ணீரும் குழந்தைக்கு ஆபத்து. ஆட்டம் முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள்.

அவள் உயிராக நினைக்கும் பொம்மையை மட்டும் அன்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். விருந்தாளிப் பிள்ளை அதை எடுத்தால் அவள் அழுவது நியாயம், நாம் அதட்டுவது அநியாயம்.

உடை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரிகை உடம்பில் உரசும், வலைத்துணி குத்தும். பட்டுப்பாவாடையைக் கோயிலுக்குப் போட்டுப் படம் எடுத்துவிட்டு, மாலைக்கு ஏற்கெனவே இரண்டு முறை துவைத்த பருத்திச் சட்டை. இரண்டு சட்டைகளைக் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள், பத்தைக் காட்டாதீர்கள். எங்கள் மகள் இரண்டையும் வேண்டாம் என்று, முழங்கால் கிழிந்த பழைய நீலக் கால்சட்டையைத்தான் போட்டுக்கொண்டாள். படங்களில் அதுதான் இருக்கிறது. கொலுசுத் திருகும் தோட்டின் திருகும் கழன்றுவிடாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேக்கும் விளக்கும்

அரைக் கிலோ போதும். வண்ணப் பூச்சுக் குறைவாக வாங்குங்கள்.

மெழுகுவத்தி பற்றி எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. “பிறந்தநாள் அன்று தீபத்தை ஊதி அணைப்பதா? விளக்கை மலையேற்றுவதற்கே ஒரு பூ வைத்து மெதுவாகச் செய்கிறோம்” என்றார் அப்பத்தா. அம்மாச்சிக்கு மெழுகுவத்தி இல்லாமல் கேக் வெட்டுவது பிடிக்கவில்லை. பாப்பாவுக்கோ வேறு பிரச்சினை. ஆவி பறக்கும் இட்லியை ஊதித்தான் அவளுக்குப் பழக்கம். ஒத்திகைக்காக ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக் காட்டியபோது, “சூடு” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எனவே இப்படி முடிவாயிற்று. ஓரமாக உயரத்தில் குத்துவிளக்கு ஏற்றி வைப்பது, அது தானாக நிற்கும்வரை எரியட்டும். கேக்கில் மெழுகுவத்தி இல்லை. அவள் கையில் ஒரு மரக் கரண்டி, வெட்டுவதற்குப் பதில் தோண்ட. ‘நானே’ என்று சொல்கிற பிள்ளைக்கு நம் கையை அவள் கைமேல் வைத்து வெட்டுவது பிடிக்காது என்று நோட்டிலேயே இருந்ததே.

பாட்டை மெதுவாகப் பாடச் சொல்லியிருந்தேன். பதினான்கு பேர் மெதுவாகப் பாடுவது கிட்டத்தட்ட தாலாட்டு போல இருந்தது. பாட்டு முடிந்ததும் கை தட்டல் பெரிதாகிவிட்டது, அவள் உதடு பிதுங்கிற்று.

அழுகை வந்தால்

வரும். அதற்கென ஓர் அறையையும் ஓர் ஆளையும் முன்பே ஒதுக்குங்கள். அந்த ஆள் அன்று சமையல், பரிமாறல், வரவேற்பு எதிலும் கை வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் நான். அறையில் விளக்கு மங்கலாக, மின்விசிறி ஓடிக்கொண்டு, அவளுடைய பழைய போர்வை மட்டும். கைபேசியைக் கையில் திணித்து அழுகையை நிறுத்தும் ஆசை எனக்கும் வந்தது. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்துவரை ஒரு மணி நேரத்துக்குள் என்று இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்வது தெரிந்தும்தான். சும்மா மடியில் வைத்துக்கொண்டு, “சத்தம் பெரிதாக இருந்ததா?” என்று கேட்டேன். “பெருசு” என்றாள். பேச்சு அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்து அவளே கதவைத் தட்டிக் காட்டினாள்.

வெளியே கூட்டம் தன் பாட்டுக்குக் கேக் தின்றுகொண்டிருந்தது. பிறந்தநாள்காரி இல்லாமலும் பத்து நிமிடம் விழா நடக்கும்.

பரிசுகள்

எல்லாவற்றையும் அன்றே பிரிக்காதீர்கள். ஒன்றைப் பிரித்ததும் பிள்ளை பெட்டிக்குள் உட்கார்ந்துகொள்ளும். பெட்டியே அன்றைய பரிசு. மீதியை மேலே வைத்து இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இறக்குங்கள். பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அச்சிட்டிருந்தால் அது அறிவு பற்றிய கணக்கு இல்லை, சிறு பாகங்கள் பற்றிய எச்சரிக்கை. “என் பிள்ளை கெட்டிக்காரி” என்று பிரிக்க வேண்டாம். அம்பாசமுத்திரம் மரச் சொப்புகள்கூட, எனக்கு எவ்வளவு பிடித்தாலும், பெரிய துண்டுகளை மட்டும் பொறுக்கிக் கொடுத்தேன்.

வந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க நாங்கள் சிறு தொட்டியில் துளசிச் செடி வைத்திருந்தோம். மாலைக்குள் ஒன்றின் மண்ணை மகள் கொட்டிவிட்டாள். ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.

அன்றே பதிவு செய்ய வேண்டியவை

படம் மட்டும் போதாது. அவள் பேசுவதை இரண்டு நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள், தூண்டிக் கேள்வி கேட்காமல். ‘பெருசு’, ‘நானே’ எல்லாம் ஆறு மாதத்தில் திருந்திவிடும், பிறகு கிடைக்காது. கதவு நிலையில் உயரத்தைப் பென்சிலால் கோடிடுங்கள். கண்ணாடி முன் நிறுத்தி, நெற்றியில் திருஷ்டிப் பொட்டு வைத்து, எங்கே கை போகிறது என்று பாருங்கள். உளவியலாளர் பியூலா ஆம்ஸ்டர்டாம் 1972-இல் மூக்கில் செந்தூளைத் தடவிச் செய்த சோதனை இது. கண்ணாடிக்குள் இருப்பது தான்தான் என்று ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள். எங்கள் மகள் பொட்டை அழித்துவிட்டு, அழித்த விரலை என் சட்டையில் துடைத்தாள்.

பதிவு எழுதும்போது இன்னொன்றும் தெரியவரும். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்களும், ‘அப்பா வா’, ‘பால் வேண்டாம்’ போல இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் இருக்க வேண்டும். இல்லையென்றாலும், முன்பு சொன்ன சொற்கள் நின்றுபோனாலும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். “அவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்” என்று ஒத்திப்போட வேண்டாம். போகிற கையோடு 16 முதல் 24 மாதங்களுக்குள் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்கத் தவணையும் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். இணையத்தில் படம் போடுவதானால் முழுப்பெயர், பிறந்த தேதி, வீட்டு வாசல் மூன்றும் ஒன்றாகத் தெரியாமல் போடுங்கள்.

வழியனுப்புவது

இதை நான் திட்டமிடவில்லை. ஆறரைக்குச் சிலர் கிளம்பினார்கள். பாப்பா எல்லோருக்கும் முன்னால் படி இறங்கி (தாத்தா கையைப் பிடித்துக்கொண்டுதான்) வாசலுக்குப் போனாள். சுவரோரம் அவள் அடுக்கி வைத்த செருப்புகள். பெரியப்பா வந்ததும் அவருடைய ஜோடியை எடுத்துக் காலடியில் வைத்தாள். அடுத்து சித்தியுடையது. அடுத்த வீட்டுப் பையனின் சின்னச் செருப்பு. ஒன்றுகூட மாறவில்லை. மாலை முழுக்க என் காலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவள் வந்தவர்கள் அத்தனை பேரையும் காலிலிருந்து பார்த்து வைத்திருக்கிறாள். பெரியப்பா ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினார். வாங்காமல் அடுத்த ஜோடிக்குப் போய்விட்டாள்.

உங்கள் பிள்ளைக்குச் செருப்பு இல்லை, வேறொன்று இருக்கும். தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது, கதவைத் திறந்து மூடுவது, பூ எடுத்துக் கொடுப்பது. நோட்டில் பாருங்கள், அந்த வேலையை அன்று அவளிடம் விட்டுவிடுங்கள்.

மறுநாள் காலை

தரையைப் பெருக்கும் முன் மறுபடி முழங்காலில் ஒரு சுற்று. நாற்காலிக்கு அடியில் திராட்சைத் துண்டு, பரிசுப் பெட்டியின் பிளாஸ்டிக் உறை, கழன்ற ஒரு திருகு எங்களுக்குக் கிடைத்தன. பிறகு எறும்பு வரிசை எங்கே போகிறது என்று பாருங்கள். கேக் எங்கே இருக்கிறது என்பதை எறும்பைவிட நன்றாக யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டில் அது படியிறங்கி, நிலையைத் தாண்டி, நேராகச் செருப்பு வரிசைக்குப் போயிற்று. என் இடது செருப்புக்குள் ஒரு கைப்பிடி கேக், மேலே மரக் கரண்டி.